கோச் மாறுகிறார்... பாயிண்ட் மாறவில்லை! சென்னையின் எப்.சி. ரசிகர்கள் குமுறுவது ஏன்?

27... 27... 27...

இது லாட்டரி நம்பர் அல்ல. சென்னையின் எப்.சி. கால்பந்து அணி ஐ.எஸ்.எல். லீக்கில் வரிசையாக மூன்று சீசனில் எடுத்த பாயிண்ட். 2022-23-ல் 27. 2023-24-ல் 27. 2024-25-லும் அதே 27.

ஒரே பாயிண்ட்தானே, அணி ஒரே நிலையில் இருக்கிறது என்று நினைத்தால் அதுவும் தப்பு. முதல் வருடம் 20 ஆட்டத்தில் 27 எடுத்தார்கள். அடுத்த வருடம் 22 ஆட்டம். அதற்கடுத்த வருடம் 24 ஆட்டம். ஆட்டம் கூடிக்கொண்டே போகிறது, பாயிண்ட் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதாவது அணி சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இந்த மூன்று வருடத்தில் கோச் ஒருமுறை மாறினார். வெளிநாட்டு வீரர்கள் வந்தார்கள், போனார்கள். மாறாதது இரண்டே இரண்டு. ஒன்று அந்த 27. இன்னொன்று ஓனர்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு, ஆவடி-சென்ட்ரல் மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய், பெரியமேட்டில் இருக்கும் நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் பார்க்கிற ரசிகர்கள் நம்ம பக்கத்தில் நிறைய பேர். பூந்தமல்லிக்காரர்களுக்கு ஒரே ரோடு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால் நேராக ஸ்டேடியம் பக்கத்தில் இறங்கலாம். ஏழரை மணி மேட்ச் முடிய ஒன்பதரை ஆகிவிடும். வீடு வந்து சேர நடுராத்திரி. மறுநாள் காலை மறுபடி வேலை. இவ்வளவு பாடுபட்டுப் போனவன் தோற்ற அணியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் என்ன கேட்பான்? 'கோச்சை மாத்திட்டாங்களே, ஏன் ஒண்ணும் மாறல?' என்றுதான் கேட்பான்.

அந்தக் கேள்விக்கான விவரம்தான் கீழே.

பேரிலேயே சென்னை

2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது முதலில் சென்னைக்கு அணியே கிடையாது. பெங்களூருக்கு என்று வைத்திருந்த இடம் கடைசி நேரத்தில் சென்னைக்கு வந்தது. இந்தி நடிகர் அபிஷேக் பச்சன், தொழிலதிபர் வீட்டா தானி, கிரிக்கெட் கேப்டன் தோனி மூவரும் சேர்ந்து அணியை எடுத்தார்கள்.

பெயரைப் பாருங்கள். 'சென்னையின்' எப்.சி. சென்னைக்குச் சொந்தமானது என்று பொருள். ரசிகர்கள் அதை அப்படியே நம்பினார்கள். சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் என்று ரசிகர் மன்றங்கள் உருவாயின. சினிமா ஹீரோவுக்கு மன்றம் வைத்த ஊர் கால்பந்துக்கும் மேளத்தோடு கிளம்பியது.

ஆரம்பமும் அமர்க்களம். உலகக் கோப்பை வென்ற இத்தாலி வீரர் மார்கோ மடராசி கோச்சாகவும் வீரராகவும் வந்தார். (2006 உலகக் கோப்பை பைனலில் ஜிடான் தலையால் முட்டினாரே, அந்த மடராசிதான்.) முதல் வருடமே லீக் பட்டியலில் முதலிடம். ஆனால் செமி பைனலில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் தோல்வி.

2015 மறக்க முடியாத வருடம். சீசனின் நடுவில் பட்டியலில் அடிமட்டத்துக்குப் போன அணி திடீரென்று எழுந்தது. அந்த டிசம்பரில்தான் சென்னையை வெள்ளம் மூழ்கடித்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய செமி பைனலைப் புனேவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று சாத்தியது. டிசம்பர் 20-ந்தேதி கோவாவில் நடந்த பைனலில் 87-வது நிமிடம் கோவா 2-1 என்று முந்தியது. கதை முடிந்தது என்று டி.வி.யை அணைத்தவர்கள் உண்டு. கடைசி நிமிடங்களில் இரண்டு கோல். மென்டோசா அடித்த கடைசி கோலில் 3-2. கோப்பை சென்னைக்கு வந்தது. வீட்டுக்குள் வந்த தண்ணீரை வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்த ஊருக்கு அது ஒரு ஆறுதல்.

2016-ல் சறுக்கல், ஏழாவது இடம். மடராசி போனார். இங்கிலாந்துக்காரர் ஜான் கிரிகரி வந்தார். வந்த வருடமே மறுபடி கோப்பை. 2018 மார்ச் 17-ந்தேதி பெங்களூரில், பெங்களூர் ரசிகர்கள் முன்னாலேயே, பெங்களூர் அணியை 3-2 என்று வீழ்த்தினார்கள். அதற்கு நாலு நாள் முன்னால் சென்னையில் நடந்த செமி பைனலில் கோவாவை 3-0 என்று தோற்கடித்தபோது ஒரு கோல் அடித்தவர் தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். ஆவடி ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும், பேசின் பிரிட்ஜுக்கு முந்தின ஸ்டேஷன் வியாசர்பாடி ஜீவா. அந்த ஏரியாவில் வளர்ந்தவன் சென்னை அணிக்காக செமி பைனலில் கோல் போட்டான். அந்த ராத்திரி ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள்.

நாலு வருடத்தில் இரண்டு கோப்பை. அதற்குப் பிறகு ஐ.எஸ்.எல். கோப்பை சென்னைக்கு வரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சரிவு தொடங்கியது எங்கே?

கோப்பை வாங்கிய அடுத்த சீசனே, 2018-19-ல், 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி. 9 பாயிண்ட். பத்து அணியில் பத்தாவது இடம். சாம்பியன் அணி அடுத்த வருடமே கடைசி!

கிரிகரிக்கு இன்னொரு வாய்ப்பு தந்தார்கள். அடுத்த சீசனும் அதே கதை. 2019 நவம்பர் கடைசியில் அவரே விலகிக்கொண்டார். இங்கேதான் நாற்காலி ஆட்டம் ஆரம்பம். கிரிகரி போன பிறகு 2019 டிசம்பரிலிருந்து 2023 வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர்.

முதலில் ஸ்காட்லாந்து வழி வந்த ஓவன் காயில். ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி என்று கிடந்த அணியை எடுத்து, மூன்றே மாதத்தில் பைனலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். லிதுவேனியா வீரர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து அந்த சீசனின் டாப் ஸ்கோரர். 2020 மார்ச் 14-ந்தேதி பைனல். கொரோனா பயத்தில் ஒரு ரசிகர்கூட இல்லாத ஸ்டேடியம். 1-3 என்று கொல்கத்தாவிடம் தோல்வி. தோற்றாலும் ரசிகர்களுக்கு வருத்தம் இல்லை. நல்ல கோச் கிடைத்துவிட்டார், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

அடுத்த வருடம் காயில் ஜாம்ஷெட்பூரில் இருந்தார். வால்ஸ்கிஸும் அங்கேதான் இருந்தார். 2021-22-ல் அதே காயில் ஜாம்ஷெட்பூரை லீக்கில் முதலிடத்துக்குக் கொண்டுபோய் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார்.

ரசிகர்களின் முதல் கோபம் இதுதான். தோற்ற கோச்சை அனுப்பியதில் யாருக்கும் கோபம் இல்லை. ஜெயிக்க வைத்த கோச் கைநழுவிப் போனதில்தான் கோபம். கூடவே கோல் அடித்தவரும் போனார்.

அதன்பின் ஹங்கேரி வழி வந்த சாபா லாஸ்லோ. 20 ஆட்டத்தில் 11 டிரா. மொத்தமே 17 கோல். எட்டாவது இடம், 20 பாயிண்ட். அவர் போனார். மான்டிநீக்ரோக்காரர் போசிதார் பாண்டோவிச் வந்தார். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் சீசன் நடுவிலேயே கழற்றிவிட்டார்கள். மிச்ச ஆட்டங்களுக்கு சையத் சபீர் பாஷா பொறுப்பு. அந்த வருடமும் எட்டாவது இடம். அதே 20 பாயிண்ட். அடுத்து ஜெர்மனியின் தாமஸ் பிர்தாரிச். மறுபடியும் எட்டு.

மூன்று வருடம், மூன்று நாட்டு கோச், மூன்று முறையும் எட்டாவது இடம். ராசிபலன்காரர்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்ல மாட்டார்.

2023-ல் ஓவன் காயிலையே திரும்பக் கூட்டி வந்தார்கள். போன மருமகன் திரும்பி வந்த மாதிரி ரசிகர்களுக்கு சந்தோஷம். 2023-24-ல் ஆறாவது இடம் பிடித்து பிளே-ஆப் வரை போனார்கள். அங்கே கோவாவிடம் தோல்வி. 2024-25-ல் 13 அணியில் பதினோராவது. 2025-ல் காயில் இரண்டாவது முறையாக விடைபெற்றார்.

சபீர் பாஷா விஷயத்தை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். 1990-களில் இந்திய அணிக்கு ஆடிய ஸ்ட்ரைக்கர். இந்தியன் வங்கி அணிக்காகக் கலக்கியவர். சென்னையின் எப்.சி.யில் பல வருடம் துணை கோச்சாக இருந்தார். வெளிநாட்டு கோச் மாறி மாறி வந்தபோது வீரர்களை அறிந்தவர், ஊரை அறிந்தவர் அவர்தான். அவருக்குக் கிடைத்தது கடைசி சில ஆட்டங்களின் தற்காலிகப் பொறுப்பு. முழு சீசன் கிடைக்கவில்லை. இதை ரசிகர்கள் சும்மா விடுவார்களா?

கோச் மாறினால் ஏன் மாறவில்லை?

இதைப் புரிந்துகொள்ள லீக் நடக்கிற முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐ.எஸ்.எல்.லில் வெளிநாட்டு வீரர்களில் பலரும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருட கான்ட்ராக்டில் வருகிறவர்கள். புது கோச் வந்தால் தனக்குத் தெரிந்த வீரர்களைக் கேட்பார். அவர்கள் வந்து, இந்த வெயிலுக்கும் சாப்பாட்டுக்கும் பழகி, ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்குள் பாதி சீசன் போய்விடும். பிடிபடுகிற நேரத்தில் கோச் போய்விடுவார். அடுத்தவர் வந்து மறுபடி பிள்ளையார் சுழி போடுவார். ஒரு ஒர்க்ஷாப்பில் ஆறு மாதத்துக்கு ஒரு போர்மேன் மாறினால் என்ன ஆகும்? மெஷின் அதேதான். ஆனால் எந்த வேலையும் உருப்படியாக வெளியே வராது. எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பலர் கவனிக்காதது.

2015-ல் சென்னை கோப்பை வாங்கியபோது களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம். இந்திய வீரர்கள் ஐந்து பேர் போதும். 2017-18-ல் வெளிநாட்டுக்காரர் ஐந்தாகக் குறைந்தது. 2021-22 முதல் நாலு பேர்தான். ஆக, களத்தில் நிற்கும் 11 பேரில் ஏழு பேர் இந்தியர்கள்.

நல்ல வெளிநாட்டு வீரர் இருவரைப் பிடித்தால் கோப்பை வாங்கலாம் என்ற காலம் முடிந்துவிட்டது. இப்போது ஜெயிப்பதும் தோற்பதும் அந்த ஏழு இந்தியப் பையன்களைப் பொறுத்தது. அவர்களைச் சந்தையில் விலை கொடுத்து வாங்கலாம். மோகன் பகான், மும்பை மாதிரி பணம் கொட்டும் அணிகளோடு போட்டி போட வேண்டும். இல்லாவிட்டால் சொந்தமாக வளர்க்க வேண்டும். 14 வயதில் எடுத்து, சாப்பாடு போட்டு, பயிற்சி கொடுத்து, 20 வயதில் களத்தில் இறக்க வேண்டும். ஆறு வருட வேலை.

ஒரு வருடம் மட்டும் இருக்கப்போகிற கோச் ஆறு வருட வேலையைச் செய்வாரா? செய்ய மாட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோற்றால் அவருக்கு வேலை போய்விடும். அவருக்கு 14 வயதுப் பையனைப் பற்றி யோசிக்க நேரம் ஏது?

அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் எப்போதும் இருக்கிறவர். அதாவது ஓனர்.

இதைச் சொல்லும்போது வயிற்றெரிச்சல் ஒன்று. இந்த ஊரில் பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரை அந்த ரயில் பாதையையே பாருங்கள். வில்லிவாக்கம் பக்கம் ஐ.சி.எப். மைதானம், ரயில் பெட்டி செய்கிற தொழிற்சாலைக்குச் சொந்தமாகக் கால்பந்து அணி உண்டு, சென்னை லீக்கில் பெயர் பெற்றது. அதைத் தாண்டினால் பெரம்பூர். அடுத்து வியாசர்பாடி, பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயரே 'சின்ன பிரேசில்'. 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானைத் தோற்கடித்த ஒரே கோலை ஈஸ்ட் பெங்காலுக்காக அடித்த நந்தகுமார் சேகர் எந்த ஊர்? சென்னைதான். கொல்கத்தாவே அவரைத் தூக்கிக் கொண்டாடியது. இங்கே சென்னை ரசிகர்கள் டி.வி.யில் பார்த்துக் கைதட்டினார்கள்.

கடைசி இடம் வந்தால் யாருக்கு நஷ்டம்?

இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ ஒரு அணி கடைசி இடம் வந்தால் அடுத்த வருடம் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். டி.வி. பணம் போகும், விளம்பரம் போகும், நல்ல வீரர்கள் ஓடிவிடுவார்கள். ஓனர் கோடிக்கணக்கில் இழப்பார். அந்தப் பயத்திலேயே அவர் தூங்க மாட்டார்.

ஐ.எஸ்.எல்.லில் 2024-25 சீசன் வரைக்கும் யாரையும் கீழே தள்ளியதில்லை. 2023-லிருந்து ஐ-லீக் ஜெயித்த அணியை மேலே சேர்த்துக்கொண்டார்கள். பஞ்சாப், முகமதன் ஸ்போர்ட்டிங் எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் கீழே தள்ளுவது மட்டும் அதுவரை இருந்ததில்லை. 2018-19-ல் சென்னை கடைசி இடம் வந்ததே, அடுத்த சீசன் அதே லீக்கில் அதே இடத்தில் ஆரம்பித்தது. தோல்விக்குத் தண்டனை அனுபவிக்க ஒரே ஒருவர்தான் மிச்சம். கோச்.

அதனால்தான் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கோச் தலை உருளுகிறது. ரசிகர்களின் கோபத்துக்கு ஒரு வடிகால். ஏதோ நடவடிக்கை எடுத்த மாதிரியும் இருக்கும்.

ஓனர் பக்கம் நியாயமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். இந்த லீக்கில் அணி நடத்தி லாபம் பார்ப்பது கஷ்டம். லீக்கில் சேர வருடா வருடம் கட்டணம், வீரர் சம்பளம், விமானம், ஓட்டல், ஸ்டேடியம் வாடகை என்று போவது அதிகம், வருவது குறைவு. அபிஷேக் பச்சனும் வீட்டா தானியும் பத்து வருடத்துக்கு மேல் கைப்பணத்தைப் போட்டு நடத்தியிருக்கிறார்கள். வேறு ஊர்களில் அணியை விட்டுவிட்டு ஓடிய ஓனர்கள் உண்டு. இவர்கள் ஓடவில்லை. அபிஷேக் ஸ்டேடியத்துக்கே வந்து ரசிகர்களோடு குதித்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

அதனால்தான் கோபம் இன்னும் சிக்கலாக இருக்கிறது. ஓனரைப் போகச் சொல்ல ரசிகர்களுக்கு மனசு வரவில்லை. போனால் அணி என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? கோச் தோல்விக்குப் பிறகு பிரஸ் மீட்டில் உட்கார்ந்து பதில் சொல்கிறார். இந்த வீரரை ஏன் விட்டீர்கள், காயிலை ஏன் போக விட்டீர்கள், நம்ம ஊர்ப் பையன்கள் எங்கே என்ற கேள்விகளுக்கு யார் உட்கார்ந்து பதில் சொல்வது?

ஜெர்மனியில் ஒரு சட்டம் உண்டு. ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எந்த அணியிலும் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்களான ரசிகர்களிடம்தான் இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய பணக்காரர் வந்தாலும் ரசிகரைக் கேட்காமல் பெரிய முடிவு எடுக்க முடியாது. இங்கே ரசிகனிடம் இருப்பது ஒரு டிக்கெட். அதுவும் அன்றைக்கு ராத்திரியோடு செல்லாது.

பயம் எங்கிருந்து வந்தது?

ஓனர் போனால் அணி என்ன ஆகும் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. கண்ணெதிரே நடந்திருக்கிறது.

புனேவில் எப்.சி. புனே சிட்டி என்று ஒரு அணி இருந்தது. 2019-ல் இழுத்து மூடினார்கள். அந்த இடத்தில் ஐதராபாத் எப்.சி. வந்தது. 2021-22-ல் ஐதராபாத் ஐ.எஸ்.எல். சாம்பியன்! அடுத்த ஓரிரு வருடத்தில் சம்பளப் பாக்கி, வீரர்கள் ஓட்டம், கடைசி இடம். ஓனர் மாறினார். 2025-ல் அணியையே டெல்லிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், பெயரும் எஸ்.சி. டெல்லி ஆகிவிட்டது. டெல்லியில் முன்பு இருந்த டைனமோஸ் அணி 2019-ல் ஒடிசாவுக்குப் போய் ஒடிசா எப்.சி. ஆன கதை தனி. அணி என்பது ஊருக்குச் சொந்தம் என்று நினைத்த ஐதராபாத் ரசிகர், ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் அணி வேறு ஊரில்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம சென்னையிலேயே நடந்தது.

சென்னை சிட்டி எப்.சி.யை நினைவிருக்கிறதா? 1946-ல் நுங்கம்பாக்கம் கிளப்பாகத் தொடங்கியது. ரோகித் ரமேஷ் ஓனர். சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸ். பெயர் சென்னை என்றாலும் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். ஸ்பெயின் வீரர் பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். 2019 மார்ச் 9-ந்தேதி கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயிண்ட்டில் முந்தி ஐ-லீக் சாம்பியன் ஆனார்கள். தமிழ்நாட்டிலிருந்து அந்தக் கோப்பையை வாங்கிய முதல் அணி. அந்த ஜனவரியில்தான் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பாஸல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. ஐரோப்பியப் பணம் வந்தாச்சு, இனிமேல் ராஜபாட்டைதான் என்று எல்லோரும் எழுதினோம்.

2021-22 ஐ-லீக் பட்டியலைப் பார்த்தால் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சாம்பியன் ஆகி மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. கோப்பை மட்டும் எங்கோ ஒரு அலமாரியில் இருக்கும். அந்த அணியில் ஆடிய எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்றவர்களுக்கு வேறு அணி கிடைத்தது. ரசிகனுக்கு வேறு அணி கிடைக்காது. அவனுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

கோச்சைத் திட்டுகிற அளவுக்கு ஓனரைத் திட்ட சென்னை ரசிகர் யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்கம்பக்கத்தில் அப்படி இல்லை. கேரளா பிளாஸ்டர்ஸ் 2024 டிசம்பரில் கோச் மிக்கேல் ஸ்டாரேயைக் கழற்றிவிட்டது. அங்கே மஞ்சப்படை ரசிகர்கள் கோச் போனதோடு அடங்கவில்லை. நிர்வாகத்தை எதிர்த்துக் கொச்சி ஸ்டேடியத்திலேயே போராட்டம் நடத்தினார்கள். கூட்டம்தான் அவர்கள் பலம். நாலாபக்கமும் நிரம்பிய ஸ்டேடியத்தின் கோபத்தை எந்த ஓனரும் சட்டை செய்யாமல் இருக்க முடியாது. சென்னையில் 2018 செமி பைனலுக்கு வந்த கூட்டம் இப்போது வருவதில்லை என்பது கண்கூடு. நடுவில் கொரோனாவால் இரண்டு சீசன் முழுக்க கோவாவில் காலி மைதானத்தில் நடந்தது. 2022 அக்டோபரில்தான் சென்னையில் மறுபடி மேட்ச் வந்தது. இரண்டரை வருடம் வராமல் இருந்தவன் திரும்பி வந்து பார்த்தபோது அவனுக்குத் தெரிந்த வீரர்களில் பாதிப் பேர் அணியில் இல்லை.

லீக்கே நின்ற வருடம்

இத்தனை குறையும் போதாதென்று 2025-ல் லீக்கே நின்றுபோனது.

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2010 டிசம்பரில் ரிலையன்ஸ் தரப்போடு ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தது. 15 வருடம், 700 கோடி ரூபாய். அந்த ஒப்பந்தத்தின் கீழ்தான் ஐ.எஸ்.எல். நடந்தது. 2025 டிசம்பரில் அது முடிய வேண்டும். புதுப்பிப்பது பற்றி முடிவு வராததால் ஜூலையில் புது சீசனை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூர் அணி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை நிறுத்திவைத்தது. அடுத்ததாக சென்னையின் எப்.சி.யும் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. நவம்பரில் லீக்கை நடத்த டெண்டர் விட்டார்கள். ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் கிளிபோர்ட் மிராண்டா கோச்சாக வந்தார். கோவாக்காரர், முன்னாள் இந்திய வீரர். 2023-ல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். தற்காலிகப் பொறுப்பாக இல்லாமல் முழு நேர கோச்சாக சென்னைக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். வெளிநாட்டு கோச் மோகம் விட்டதே என்று ரசிகர்கள் வரவேற்றார்கள். ஆனால் லீக் உண்டா இல்லையா என்றே தெரியாத நேரத்தில், போதிய தயாரிப்பு இல்லாமல் 2025 அக்டோபரில் சூப்பர் கோப்பையில் இறங்கினார்கள். மோகன் பகானிடம் 0-2. மூன்று நாள் கழித்து ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. கையில் கத்தி கொடுக்காமல் சண்டைக்கு அனுப்பினால் வேறென்ன நடக்கும்?

கடைசியில் மத்திய விளையாட்டு அமைச்சர் தலையிட்டு, 2026 பிப்ரவரி 14-ந்தேதி சுருக்கமான லீக் தொடங்கியது. 14 அணி, எதிரணியோடு ஒரே ஒரு ஆட்டம். ஒரு அணிக்கு மொத்தம் 13 ஆட்டம். வழக்கமான சீசனில் பாதி.

ரசிகர் கேட்பது என்ன?

கோப்பை வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. பேசிப் பார்த்தால் பல பேர் சொல்வது மூன்று நாலு விஷயம்தான். ஒரு கோச்சை வைத்தால் மூன்று வருடமாவது விடுங்கள். சீசன் முடிந்ததும் ஓனர் தரப்பிலிருந்து ஒருவர் ரசிகர் மன்றத்துக்காரர்களை உட்கார வைத்து, யாரை வாங்கினோம், யாரை விட்டோம், ஏன் என்று சொல்லட்டும். சென்னை லீக் நடக்கிற மைதானங்களுக்கு ஆள் அனுப்பிப் பையன்களைப் பாருங்கள். இதில் முதல் இரண்டுக்கும் ஒரு பைசா செலவு கிடையாது.

மூன்றாவதற்குச் செலவு உண்டு. ஆனால் தூரம் இல்லை. ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர், வியாசர்பாடி. எல்லாம் ஒரே லைன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எந்த ஸ்டேஷனில் இறங்கி விசாரித்தாலும் பையன்கள் ஆடுகிற இடத்துக்கு வழி சொல்வார்கள்.